ஒச்சம்மாளின் கைச்சோறு

குரங்கணியைத் தாண்டி ஜீப் மேலே ஏற ஆரம்பித்ததும் ஒச்சம்மாளுக்குக் கண் சொக்கும். அதைத் தூக்கம் என்று சொல்லிவிட முடியாது. பாதை எங்கே திரும்பும், எந்தப் பள்ளத்தில் வண்டி குலுங்கும் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். மனசு மட்டும் வண்டியை விட்டு இறங்கி, மஞ்சு மூடிய சரிவில் கொஞ்ச நேரம் உலாத்திவிட்டு வரும். மடியில் ஏதாவது ஒரு பிள்ளை படுத்திருக்கும். யார் பிள்ளை என்று குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற பெண்கள் எல்லாரும் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். அவர்கள் தோளிலும் மடியிலும் கிடக்கிற பிள்ளைகள் தோட்டம் போய்ச் சேர்ந்ததும் அவளிடம்தான் வந்தாக வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர் அவள் புருஷன் கோட்டைச்சாமி. கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, "சிலமலைக்காரி சொர்க்கத்துக்குப் போயிட்டா, யாராச்சும் புடிச்சுக்கங்கப்பா" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். அவளுக்கும் கேட்கும். கண்ணைத் திறக்காமலே அவளும் சிரிப்பாள்.

ஒரு காலத்தில் ஒச்சம்மாளும் காய் எடுத்தவள்தான். சரிவில் ஆடு மாதிரி ஏறுவாள். ஏலக்காய் நின்றுகொண்டு பறிக்கிற சமாச்சாரம் இல்லை. செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். காயோ தூரடியில், தரையோடு தரையாகச் சரம் சரமாகக் கிடக்கும். குந்தி உட்கார்ந்து நகரத் தெரிந்தவளுக்குத்தான் அந்தக் காடு சோறு போடும். ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகியதோடு அவளுடைய குந்தல் போயிற்று. தோட்டத்துக்காரர்கள் பார்த்து, காய் உலர்த்துகிற ஸ்டோரின் வாசலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். "பீத்துணி அலசுற சோலி" என்று முதலில் அழுதாள். நடுவயதில் வந்த இந்தச் சோலிதான் தனக்கென்றே வைத்திருந்தது என்று பிற்பாடு அவளே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள்.

ஸ்டோருக்குள் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அதனால் வெளிச்சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். வெளியே எதிரில் நிற்கிற மரம் தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கினாலும் பிள்ளைகள் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உருளும், தூங்கும், கனவில் சிரிக்கும். உலர்கிற காயின் வாசனை அவர்கள் தலைமுடியில்கூட ஏறிவிடும். அந்த வாசல் பூமியைச் சேர்ந்ததுதானா என்று ஒச்சம்மாளுக்கே சில நாள் சந்தேகம் வந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் நேரம் நகர்வதே தெரியாது, பசி வந்து யாராவது ஒரு பிள்ளை சிணுங்கினால்தான் மத்தியானம் ஆனது புரியும்.

சாப்பாட்டில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. தாய்மார்கள் கொடுத்துவிடுகிற டப்பாக்களை எல்லாம் திறந்து ஒரே சட்டியில் கொட்டிப் பிசைந்துவிடுவாள். வந்த புதிதில் அவள் பார்த்த காட்சி அப்படி. ஒரு டப்பாவில் கறிக்குழம்பு, பக்கத்து டப்பாவில் வெறும் சோறும் ஊறுகாயும். ஊறுகாய்ப் பிள்ளை தன் டப்பாவைத் தொடாமல் அடுத்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை ஒச்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே சட்டி வந்தது. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, உருட்டி உருட்டி வாயில் கொடுப்பாள்.

"இந்தா, சிலமலை லோடு வருது, கேட்டத் தெற. இது ராசிங்காபுரம் லோடு. இது போடி லோடு, வெரசா, வெரசா, பின்னாடி வண்டி நிக்கிது."

வீட்டில் ஒரு வாய்க்கு ஊரையே கூட்டுகிற பிள்ளைகள்கூட அங்கே வாயைத் திறந்துகொண்டு முறைக்குக் காத்திருக்கும். கடைசி வாய் எப்போதும் தயிர்ச்சோறு. ஒச்சம்மா கைச்சோறு என்றால் மலைமேல் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, ஏன் இருக்கக்கூடாது?

இப்படி இருக்கும்போதுதான் ராசிங்காபுரத்துக் கலையரசி தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் இல்லை. பிள்ளைக்குத் தன்ஷிகா என்று பேர் வைத்திருந்தார்கள். அது வாயில் நுழையாமல் ஒச்சம்மாள் அன்றைக்கே தன்சு ஆக்கிவிட்டாள். நடக்கத் தொடங்கி, ஒன்றிரண்டு வார்த்தை பேசத் தொடங்கிய வயசு.

"மதினி, இவளுக்குப் பால் ஆகாது" என்றாள் கலையரசி. "தயிரு, மோரு, நெய்யி ஒண்ணும் ஆகாது. துளி போனாக்கூட மேலெல்லாம் தடிச்சு, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிரும்."

"என்னத்தா சொல்ற? பால் ஆகாத புள்ளைன்னு ஒண்ணு உண்டா? அப்ப நீ குடுக்குறது?"

"என் பால் ஆகும். மாட்டுப்பால்தான் ஆகாது. நான் பால் ஊத்துன டீ குடிச்சாக்கூட இவளுக்குத் தடிச்சுச்சு. அதான் நானும் விட்டுட்டேன். தேனியில டாக்டர் பாத்துச் சொன்னது மதினி."

"ஆட்டுப்பால் குடுத்துப் பாத்தியா?"

"அதுவும் கூடாதுன்னுட்டாரு."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே பிள்ளைக்காகத் தாய் தன் வாயையும் கட்டிக்கொண்டு பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடிக்கிறாள். ஒச்சம்மாளுக்கு அதில் மனசு இளகியது. நோயைப் பற்றி முழுசாக நம்பிக்கை வந்தது என்று சொல்ல முடியாது. காலத்துக்கு ஒரு நோய் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தன்சுவின் டப்பா சட்டிக்குள் போகவில்லை. கேப்பைக்களியும், குழைந்த பருப்புச்சோறும் முருங்கைக்கீரையும் தனியாக இருக்கும். மற்றப் பிள்ளைகள் சாப்பிடுவதற்கு முன்பே அவளைத் தனியாக உட்காரவைத்து ஊட்டிவிடுவாள்.

தன்சு அதற்கு ஒத்துவரவில்லை. தனியாக உட்காரவைத்தால் வாயை இறுக மூடிக்கொள்ளும். வரிசையில் மற்றவர்களுக்கு லோடு போகும்போது தூரத்தில் இருந்து பார்க்கும். அந்தப் பார்வை ஒச்சம்மாளுக்குத் தெரிந்த பார்வை. ஊறுகாய்ப் பிள்ளையின் பார்வை. சட்டியே அந்தப் பார்வைக்காக வந்ததுதானே. என் வாசலில் ஒரு பிள்ளையை ஒதுக்கி உட்காரவைத்திருக்கிறேனே என்று அவளுக்கு நெஞ்சு அறுத்தது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். தன்சுவும் வரிசையில் உட்காரட்டும். சட்டியில் இருந்து மற்றவர்களுக்கு ஒவ்வொரு வாய், தன்சு முறை வரும்போது அவள் டப்பாவில் இருந்து ஒரு வாய். தயிர் வருவதற்குள் தன்சு சாப்பிட்டு முடித்துவிடும். பிள்ளை சந்தோஷமாக வாயைத் திறந்தது. "லோடு, லோடு" என்று கையைத் தட்டியது. அதைச் சுவரோரம் இருந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஒச்சம்மாள் அந்த நாட்களில் பாதி கனவில்தான் நடமாடினாள்.

அன்றைக்கு மஞ்சு ரொம்பத் தாழ்ந்து, வாசலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. தன்சு தூங்கி எழுந்து வரவே நேரமாகிவிட்டது. மற்றப் பிள்ளைகளுக்குத் தயிர்ச்சோறு போய்க்கொண்டிருந்தபோதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தது. ஒச்சம்மாள் கையைத் துண்டில் அழுத்தித் துடைத்தாள். டப்பாவைத் திறந்து பருப்புச்சோற்றைப் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். டப்பா வேறு, சோறு வேறு. பாலின் வாடைகூட இல்லாத சோறு. கையில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்புக்கூட அவளுக்கு வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊட்டிய கை அது.

சட்டி காலியாவதற்குள் தன்சுவின் உதடு தடித்தது. கன்னத்தில், கழுத்தில், தொப்புளைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகக் கிளம்பியது. தின்றதையெல்லாம் கக்கியது. அப்புறம் இருமல். அதற்கப்புறம் மூச்சு விடும்போது ஒரு விசில் சத்தம்.

ஒச்சம்மாள் கத்திய கத்தலில் சரிவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்துவிட்டார்கள். கலையரசி கூடையை உருட்டிவிட்டு ஓடிவந்தாள். நல்ல வேளையாகக் கோட்டைச்சாமியின் ஜீப் கீழே லோடு இறக்கப் புறப்படாமல் நின்றது. ஏற்றியிருந்த மூட்டைகளை அப்படியே தரையில் தள்ளிவிட்டுப் புறப்பட்டார். அந்தப் பாதையில் அவர் அப்படி ஓட்டி ஒச்சம்மாள் பார்த்ததில்லை. முன்னால் பாதையே தெரியவில்லை, வெறும் வெள்ளை. பிள்ளையின் விசில் சத்தம் ஒன்றுதான் வண்டிக்குள் இருந்தது. அது நின்றுவிடக் கூடாதே என்று ஒச்சம்மாள் வேண்டினாள், அது நிற்க வேண்டுமே என்றும் வேண்டினாள். எதை வேண்டுவது என்றே தெரியவில்லை.

போடியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் முகம் இறங்கி, அழுகை வந்தது. அழுகை வந்ததும்தான் கலையரசி தரையில் உட்கார்ந்தாள்.

"பால் அயிட்டம் ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

கலையரசி ஒச்சம்மாளைப் பார்த்தாள்.

"இல்லம்மா. அவ டப்பாச் சோறத்தான் குடுத்தேன். அவ ஆத்தா ஆக்கிக் குடுத்த சோறு. முனியாண்டி சத்தியமா வேற ஒண்ணும் குடுக்கல" என்று ஒச்சம்மாள் வலது கையைத் தூக்கினாள்.

தூக்கிய கையில், விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும், தயிர் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார். கலையரசி பார்த்தாள். கடைசியாக ஒச்சம்மாளும் பார்த்தாள். சத்தியத்துக்குத் தூக்கிய கையைக் கீழே இறக்க அவளுக்குத் தெரியவில்லை.

"என் கைதானா" என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. துடைத்தால் போகாது, சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும், கையில் ஒட்டிய அந்தத் துளியே இந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டப் போதும் என்று சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று ஒச்சம்மாளுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு கலையரசி மலைக்கு வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பால் ஆகாது என்பது நிசம்தானா என்று பார்ப்பதற்காக ஒச்சம்மாள் வேண்டுமென்றே தயிரைக் கொடுத்தாள் என்றுகூட ஜீப்பில் ஒரு பேச்சு ஓடியது. அவள் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பும் இல்லை. காலையில் வண்டி ஏறினால் இப்போதும் கண் சொக்கியது. ஆனால் மஞ்சுக்குள் போன மனசு அந்த விசில் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பதறித் திரும்பி வந்தது. பிள்ளைகளுக்குக் கரண்டியால் ஊட்டிப் பார்த்தாள். அவை கரண்டியைக் கடித்துத் துப்பிவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்தன. கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைச்சாமி, "ஏ புள்ள, வா, ராசிங்காபுரம் வரைக்கும் போயிட்டு வருவம்" என்று அவராகவே வண்டியை எடுத்தார். கலையரசி வீட்டு வாசலில் தன்சு தகர டப்பா ஒன்றைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. ஒச்சம்மாளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து, "லோடு" என்று சொல்லி வாயைத் திறந்தது.

ஒச்சம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பிள்ளையைத் தொடவில்லை.

"அழாதீங்க மதினி. உங்க மேல கோவம் இல்ல" என்றாள் கலையரசி. "பக்கத்துக் காட்டுல களையெடுப்புக்குப் போறேன். வாரத்துல பாதி நாள் சோலி இல்ல. ஆனாலும் புள்ளைய மலைக்குக் கொண்டார மாட்டேன்."

"நான் வேணுமின்னு செய்யலத்தா."

"தெரியும். அதான் பயமே. வேணுமின்னு செய்றவங்கன்னா பாத்து ஒதுங்கிக்கிரலாம். பாசமா ஊட்டுறவங்ககிட்ட இருந்து புள்ளைய எப்பிடி மறைக்கிறது?"

ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வீட்டுக்கு வந்து இறங்கும்போது, "சட்டிதான் மாறணும்" என்றாள். கோட்டைச்சாமிக்குப் புரியவில்லை. இருந்தாலும் தலையாட்டி வைத்தார்.

மறுநாள் ஜீப் ஏறத் தொடங்கியபோது அவள் கண்ணை மூடவில்லை. எல்லாப் பெண்களையும் பார்த்துச் சொன்னாள்.

"நாளையில இருந்து டப்பாவுல தயிரு, மோரு, நெய்யி எதுவும் வேண்டாம். வீட்டுல குடுத்துக்கங்க. என் வாசல்ல பால் வாடையே இருக்கக்கூடாது."

சுருளியம்மாள் என்பவள் உடனே சண்டைக்கு வந்தாள். "ஒரு புள்ளைக்காக இத்தன புள்ளையும் வறட்டுச் சோறு திங்கணுமா? தயிர் இல்லாம என் மகனுக்கு எறங்காது."

"வறட்டுச் சோறு ஏன் திங்குது? ரசம் ஊத்துறேன். எறங்கலேன்னா நான் எறக்குறேன்."

"நல்லாருக்கே நாயம். அந்தப் புள்ள திரும்பி வந்தா தனியா உக்கார வையேன்."

"உன் மகன் ஊறுகா டப்பாவோட வந்தப்ப நான் அவனத் தனியா உக்கார வைக்கல" என்றாள் ஒச்சம்மாள்.

சொல்லியிருக்க வேண்டாம் என்று ஒச்சம்மாளுக்கே தோன்றியது. சுருளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே மஞ்சைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் அடுத்த நாள் அவள் டப்பாவில் ரசச்சோறும், மேலே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆகிற மாதிரி நிறைய உருளைக்கிழங்கு மசியலும் இருந்தன. ஒச்சம்மாள் மோந்து பார்த்துவிட்டுச் சட்டியில் கொட்டினாள்.

பழைய சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டுப் புதுசு ஒன்று வாங்கிவந்தாள். சோப்பு வாங்கி வாசல் குழாயடியில் கட்டித் தொங்கவிட்டாள். அவளும் கட்டஞ்சாயாவுக்கு மாறினாள். கோட்டைச்சாமி தன் பங்குக்கு, பிள்ளைகள் சாப்பிட்டு முடிகிறவரைக்கும் கீழே லோடுக்குப் போக மாட்டேன் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார். கங்காணி முணுமுணுத்தார். "வண்டி என்னுது, முணுமுணுப்பு உன்னுது" என்று சொல்லிவிட்டு ஸ்டோர் வாசலிலேயே ஜீப்பை நிறுத்திக்கொண்டு பீடி பற்றவைத்தார். இதெல்லாம் யார் யார் வழியாகவோ ராசிங்காபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏலச்செடியில் அடுத்த சுற்றுக் காய் முற்றியபோது கலையரசி வந்தாள். இடுப்பில் தன்சு, தோளில் ஒரு பை. பைக்குள் டாக்டர் கொடுத்த மருந்து இருந்தது. எப்போது கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஒச்சம்மாளுக்கும் கோட்டைச்சாமிக்கும் காட்டிக்கொடுத்தாள். மத்தியானம் ஆனதும் கங்காணியிடம் சொல்லிவிட்டுச் சரிவில் இருந்து இறங்கி வந்து, வாசலில் ஓரமாக நின்றாள்.

ஒச்சம்மாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். டப்பாக்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துச் சட்டியில் கொட்டினாள். கலையரசி கொண்டுவந்த டப்பாவும் முதல் தடவையாகச் சட்டிக்குள் போனது. பருப்பையும் ரசத்தையும் கீரையையும் கிழங்கையும் ஒன்றாகப் பிசைந்தாள். பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறந்தன. தன்சுவும் திறந்தது.

ஒச்சம்மாள் ஒரு கவளத்தை உருட்டிக் கையில் எடுத்தாள். கை மேலே போகவில்லை.

"நீயே ஊட்டித்தா" என்றாள் கலையரசியிடம். "எனக்கு முடியல."

கலையரசி கிட்டே வந்தாள். ஒச்சம்மாளின் கையைப் பிடித்துத் திருப்பி, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள். ஒச்சம்மாளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நன்றாகப் பார் என்றுதான் இருந்தது. பார்த்து முடித்ததும் கலையரசி அந்தக் கையை விட்டாள்.

"எனக்குக் காய் கெடக்கு மதினி. நீங்க ஊட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சரிவைப் பார்த்து நடந்தாள்.

மஞ்சு கொஞ்சம் விலகியிருந்ததால் அவள் போவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கத்தான் அவளுக்கு உயிர் துடித்தது என்று விறைத்திருந்த கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பாதை வளைகிறவரைக்கும் அவள் திரும்பவேயில்லை. தன் ஆயுசில் தன்னை யாரும் இவ்வளவு நம்பியதில்லை என்று ஒச்சம்மாள் நினைத்துக்கொண்டாள்.

முதல் வாயைத் தன்சுவுக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கையைக் காற்றிலேயே நிறுத்தி அந்த உதட்டைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், மூச்சைக் கேட்டாள். மற்றப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடியே சத்தமில்லாமல் காத்திருந்தன. ஜீப்புக்குப் பக்கத்தில் கோட்டைச்சாமி பீடியை அணைத்துவிட்டு நின்றார். தன்சு நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, அடுத்த பிள்ளையின் முறை என்று தெரிந்து, ஒச்சம்மாளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருந்த சுருளியம்மாள் மகனின் வாய்ப்பக்கம் தள்ளியது.